உப்புக் காற்றில் ஒரு சர்வர்: சரிசெய்வதா, மாற்றுவதா?

இராமேஸ்வரம் தீவில் 'வீட்டில் சர்வர் வைத்திருக்கிறேன்' என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. மாடியறையில் ஒரு பழைய சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கல்யாண வீடியோ எடுப்பவர் வீட்டில் பல வருட முகூர்த்தங்கள் அதில் கிடக்கும். யாத்ரீகர்களுக்கு அறை விடுகிற வீட்டில் கேமராப் பதிவும் வரவு செலவும் இருக்கும். விசைப்படகு வைத்திருப்பவர் டீசல் ரசீது, வலை வாங்கிய பில், படகின் பதிவுச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போட்டிருப்பார். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களும் அதே டிஸ்க்கில்தான். இரவு பகலாக அணையாமல் நின்று, வீட்டுப் போன்களும் டிவியும் கேட்கும்போதெல்லாம் கோப்பை எடுத்துக் கொடுக்கிற எந்தக் கணினியும் சர்வர்தான். பெயர் வைப்பது நம் இஷ்டம்.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு நாள், கரண்ட் போய் வந்த பிறகு அது எழுந்திருக்காது. சர்வீஸ் கடைக்காரர் பார்த்துவிட்டு, "போர்டு போயிருக்கும்போல, பாத்துச் சொல்றேண்ணே" என்பார். பெங்களூரில் இருக்கும் மகன், "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கப்பா" என்பான். இரண்டு பேர் சொல்வதிலும் பொருள் உண்டு. ஆனால் இருவருமே பெட்டியை ஒரே பொருளாகப் பார்க்கிறார்கள். என் கட்சி வேறு. இந்தக் கரையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கெட்டுப்போனது ஓர் உறுப்பா, உடம்பு முழுவதுமா என்பது. உறுப்பு என்றால் எவ்வளவு பழைய இயந்திரமானாலும் சரிசெய்யலாம். உப்பு உடம்பெங்கும் இறங்கியிருந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது, அதற்கு என்னென்ன கணக்குகள் பார்க்க வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

பொதுவாகச் சொல்லப்படும் விதி ஒன்று உண்டு. பழுதுச் செலவு புதுப்பொருள் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு என்பது அது. ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் இது ஓரளவு பொருந்தும். கணினிக்கு இரண்டு இடத்தில் உதைக்கிறது. ஒன்று, புதுப்பொருளின் விலை நிலையாக நிற்பதில்லை. 2011-ல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து அங்கிருந்த ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுக்க டிஸ்க் விலை எகிறியது. 2025-ன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தகவல் மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போக, ரேம் விலை மளமளவென்று ஏறியது. 'பாதி விலை' எது என்பது எந்த மாதம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. இரண்டாவது, ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் தக்காளியை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம், கணினிக்குள் இருப்பதை வாங்க முடியாது. பாம்பனில் மீனவர்களுக்காகவே கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் ஒலிக்கிறது. அப்படியொரு நிலையத்தில் பதிவாகிற ஒரு மூத்த மீனவரின் குரலுக்குக் கடையில் விலைச்சீட்டு கிடையாது. கல்யாண வீடியோவுக்கும் அப்படித்தான்.

உப்பு என்ன செய்கிறது

இந்தத் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப்பேச்சில் வடகடல், தென்கடல். வாடை வீசும் மாதங்களில் வடகடல் உப்பையும், கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் உப்பையும் காற்று கொண்டுவந்து கொட்டுகிறது. ஒரு பக்கத்து ஜன்னலை மூடிவிட்டால் தப்பிக்கலாம் என்கிற சலுகை இங்கே இல்லை.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிப்பைச் சோதிக்க ஒரு பிரிவை மண்டபம் முகாமில் வைத்தது தற்செயலன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து எழுந்த அந்த நிறுவனத்துக்கு, உலோகம் எவ்வளவு வேகமாகக் கரையும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடைத்திருக்காது. உலகிலேயே அரிப்பு மிகுந்த இடங்களில் அமெரிக்காவின் புளோரிடா கரைக்கு அடுத்தது பாம்பன்தான் என்று ரயில்வேக்காரர்கள் வழக்கமாகச் சொல்வார்கள்.

கணினிப் போர்டில் நடப்பது இது. கடலுப்பின் பெரும்பகுதியான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தை எட்டியதும் தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். அதோடு கலந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். இந்தக் கரையில் 75-ஐத் தாண்டும் இரவுகள் சர்வசாதாரணம். 33-க்குக் கீழே ஈரப்பதம் இறங்குவதோ அபூர்வம். ஆக, போர்டில் படிந்த உப்புத்தூசி முழுதாக உலர்ந்து கிடப்பதே இல்லை. மயிரிழை இடைவெளியில் ஓடும் இரண்டு செம்புத் தடங்களுக்கு நடுவே மின்சாரம் கடத்தும் ஈரப்படலம் ஒன்று உண்டாகிறது. ஒரு தடத்திலிருந்து உலோகம் கரைந்து அடுத்த தடத்தை நோக்கி இழையிழையாக வளர்கிறது. இழை தொட்டுவிட்டால் ஷார்ட். தொடாவிட்டாலும் தடம் மெலிந்துகொண்டே போகும்.

ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம் தகவல் மையங்களுக்கு ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. அறையில் தொங்கவிட்ட செம்புத் தகட்டில் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமும், வெள்ளித் தகட்டில் 200 ஆங்ஸ்ட்ராமும் அரிப்புப் படலம் வளரலாம். அதற்கு மேல் கூடாது. ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. வீட்டில் இதை அளக்க வழியில்லை. ஆனாலும் பளபளவென்று தேய்த்த செம்புத் துண்டு ஒன்றை சர்வருக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, எத்தனை வாரத்தில் கருக்கிறது என்று பார்க்கலாம். அலமாரிக்குள் ஒரு துண்டு, ஜன்னலோரம் ஒரு துண்டு என்று தொங்கவிட்டால் இயந்திரத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

இதிலிருந்து வரும் ஒரு முடிவு பலருக்கு விநோதமாகப் படும். இங்கே ஓடுகிற இயந்திரத்தைவிட நிறுத்தி வைத்த இயந்திரமே சீக்கிரம் கெடும். வெளியே 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கையில், ஓடும் கணினியின் உள்ளே 40 பாகை என்றால் அங்கே ஈரப்பதம் ஏறத்தாழ 46 சதவீதமாகக் குறைந்துவிடும். சூடே ஒரு காப்பு. 'ஊருக்குப் போகிறோம், அணைத்துவிட்டுப் போகலாம்' என்று சுவிட்சைத் தட்டி, பிளக்கை மட்டும் பிடுங்காமல் விட்டால் இன்னும் மோசம். உள்ளே குளிர்ந்து ஈரம் சேரும். ஆனால் போர்டில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஓடியபடியே இருக்கும். இழை வளர அதைவிடத் தோதான சூழல் வேண்டியதில்லை. ஒன்று, ஓடவிடுங்கள், இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, சிலிக்கா ஜெல் போட்ட பெரிய எவர்சில்வர் டப்பாவிலோ காற்றுப் புகாத பையிலோ வையுங்கள். 'பின்னால் உதவும்' என்று பரணில் போட்டு வைக்கும் உபரி மதர்போர்டு மதுரையில் உதவலாம். இங்கே உதவாது.

சூடு காப்பு என்றால் மின்விசிறி? அது எதிரி. போர்டைக் குளிர்விக்கிற அதே காற்றில்தான் உப்பும் ஏறி உள்ளே வருகிறது. இதற்கு மீண்டும் வருவேன்.

பாலம் சொல்லும் கணக்கு

சரிசெய்வதா மாற்றுவதா என்ற கேள்வியை இந்தத் தீவு ஏற்கெனவே நூறு வருடத்துக்கு மேலாக, கண் முன்னாலேயே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் வரலாறு, ஒரு பழைய இயந்திரத்தை எத்தனை முறை காப்பாற்றலாம், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதற்கு நல்ல பாடம். எனக்குத் தெரிந்து பொறியியல் நூல்களில்கூட இவ்வளவு தெளிவான உதாரணம் குறைவு.

40 அடி நீளமுள்ள 145 நிலையான கண்கள். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து எழும் ஷெர்ஸர் தூக்குப் பாலம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பன்-தனுஷ்கோடி பயணி ரயிலைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. பாலத்தின் 145 கண்களில் 120-க்கும் மேற்பட்டவற்றின் கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பாதி விலை விதிப்படி பாலம் செத்துவிட்டது என்றே எழுத வேண்டும். ஆனால் தூண்கள் நின்றன, தூக்குப் பாலமும் நின்றது. விழுந்தவை ஒரே அளவில் செய்யப்பட்ட, கழற்றி மாட்டக்கூடிய துண்டுகள். ரயில்வே ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில், கடலில் கிடந்த கர்டர்களையும் மீட்டெடுத்துப் பொருத்தி, 46 நாளில் வேலையை முடித்தார்கள்.

அதே புயலில் அழிந்த பாம்பன்-தனுஷ்கோடி ரயில் பாதையைத் திரும்பப் போடவில்லை. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வந்து கப்பலேறித் தலைமன்னார் போன போட் மெயில் வழி அதோடு முடிந்தது. அங்கே போனது ஓர் உறுப்பு மட்டுமாக இருக்கவில்லை. பாதை எந்த ஊருக்காக இருந்ததோ அந்த ஊரே போய்விட்டது. ஒரே புயல், ஒரே ரயில்வே, இரண்டு எதிரெதிர் முடிவுகள், இரண்டும் சரி.

2007-ல் மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதைக்கு மாற்றியபோது பாலத்தை வலுப்படுத்திக்கொண்டார்களே தவிரப் புதிது கட்டவில்லை. நம் வீட்டுக் கணக்கில், பழைய போர்டிலேயே கூடுதல் ரேம் போட்டு எஸ்எஸ்டி மாட்டுவது போன்றது இது. பதினொரு வருடம் ஓடியது. 2018 டிசம்பரில் தூக்குப் பாலப் பகுதியிலேயே பழுது தெரிந்தது. ரயில் நின்று, சரிசெய்யப்பட்டு, 2019 பிப்ரவரிக் கடைசியில் திரும்ப ஓடியது. இம்முறை பாதிப்பு ஓரிடத்தில் இருந்து கழற்றி மாட்டும் வகை இல்லை. இரும்பின் உள்ளேயே அரிப்பு. 2019 மார்ச் 1-ல் புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இதுதான் கவனிக்க வேண்டிய இடம். மாற்றுவது என்ற முடிவு வந்துவிட்டது, மாற்று தயாராகவில்லை. பழையதே தாக்குப்பிடிக்கும் என்று நம்பினார்கள். 2022 டிசம்பர் 23-ல் ரயில் நிறுத்தப்பட்டது. அது பிறகு பழைய பாலத்தில் ஓடவே இல்லை. (1964 புயலுக்கு ஏறக்குறைய அதே தேதி. வெறும் தற்செயல்தான், சொல்லாமல் விட மனம் வரவில்லை.) 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கும்வரை, இரண்டே கால் வருடத்துக்கும் மேலாக ரயில்கள் தீவுக்குள் வரவில்லை. நல்லவேளை, 1988 முதல் பக்கத்தில் சாலைப் பாலம் இருந்தது. அதாவது இரண்டாவது பிரதி.

புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. நமக்கு அதைவிட முக்கியம் அரிப்புக்கு எதிராகச் செய்திருப்பவை. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இரும்பின் மேல் பாலிசிலாக்சேன் பூச்சு, ஆணி அறைந்த மூட்டுகளுக்குப் பதில் முழு வெல்டிங். நிலையான கண்கள்கூட 145-லிருந்து 99 ஆகக் குறைந்தன. மூட்டு எங்கே உண்டோ அங்கேதான் உப்பு தங்கும். ஆகவே மூட்டைக் குறை. இதே தர்க்கம் ஒரு சின்னக் கணினியைத் தேர்ந்தெடுக்கும்போதும் செல்லும்.

பெட்டியைத் திறந்தால்

இப்போது மாடியறைக்கு வருவோம். எழுந்திருக்காத சர்வரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ் என்கிற மின்வழங்கி. மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை முதலில் வாங்குவது அதுதான். அதன் மின்விசிறிதான் உப்புக் காற்றை அதிகம் இழுப்பது. கடையில் வேறு ஒன்றை மாட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதிலுள்ள மின்தேக்கிகளுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். ஓடும் சூடு போர்டைக் காக்கிறது என்றேன், மின்தேக்கிகளை அதே சூடு தின்கிறது. எனவே எஸ்எம்பிஎஸ்ஸை முழுதாக மாற்றுங்கள், மின்தேக்கி மாற்றி ஒட்டுப்போட வேண்டாம். இரவும் பகலும் ஓடும் இயந்திரத்தில் அந்த மிச்சம் மிச்சமில்லை.

தேதி பின்னோக்கிப் போய் நிற்கிறது என்றால் சிஆர் 2032 பட்டன் செல். அதை மாற்றும்போது அதன் பிடிப்பானில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பீப் சத்தம் மட்டும் போட்டுவிட்டுத் திரை வராமல் நின்றால் ரேம். கழற்றி, தங்கமுலாம் பூசிய விளிம்பை ரப்பரால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும் என்பது எந்த சர்வீஸ் கடையிலும் தெரிந்த வைத்தியம். இதெல்லாம் உறுப்பு நோய். சில நூறு ரூபாயில், எஸ்எம்பிஎஸ் என்றால் சில ஆயிரத்தில் முடியும். இவற்றுக்காகப் புது இயந்திரம் வாங்குவது வீண்.

ஆனால் ரேமைத் துடைத்து மாட்டிய சர்வர் ஆறு மாதத்துக்குள் மறுபடி அதே நோயோடு படுத்தால், அது ரேமின் நோயாக இருக்காது. பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். திருகுகளில் துரு, பின்பக்கத் தகடுகளில் வெள்ளைப் பொரி, யூஎஸ்பி துளைகளின் உலோக உறையில் பழுப்பு. இதுவரை பரவாயில்லை, இவை வெளித்தோல். சில்லுகளின் கால்களில் பச்சை, பற்றாசுப் புள்ளிகளில் மங்கல், போர்டின் அடிப்பக்கத் தடங்களில் கருமை தெரிந்தால் உப்பு உள்ளே இறங்கிவிட்டது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவினால் சில மாதம் கிடைக்கும். அந்தச் சில மாதம் பழையதில் தொடர்ந்து ஓட்டுவதற்கல்ல, மாற்றுவதற்கு. போர்டு மாறினால் பழைய ரேமும் புராசசரும் பெரும்பாலும் கூட வராது. டிடிஆர் 3 ரேமை டிடிஆர் 4 போர்டில் மாட்ட வழியே இல்லை. 'போர்டை மட்டும் மாத்துவோம்' என்று தொடங்கும் வேலை பெட்டியைத் தவிர எல்லாவற்றையும் மாற்றியதில் முடியும். அந்தப் பெட்டியும் துருப்பிடித்தது.

ஹார்ட் டிஸ்க் தனிச் சாதி. அதை சரிசெய்யும் பொருளாக நினைக்கவே கூடாது. படகில் வலை எப்படியோ சர்வரில் டிஸ்க் அப்படி, தேய்ந்துகொண்டே இருப்பது அதன் வேலையில் சேர்ந்தது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டிஸ்க்குகளின் சாவுக் கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. முதல் கணக்கில், வாங்கிய ஒன்றரை ஆண்டுக்குள் ஆண்டுக்கு 5.1 சதவீதமும், அடுத்த ஒன்றரை ஆண்டு 1.4 சதவீதமும், மூன்றாண்டு தாண்டியதும் 11.8 சதவீதமும் செத்தன. நான்காண்டு முடிவில் ஏறத்தாழ 80 சதவீதம் உயிரோடிருந்தன. டிஸ்க்குகள் அதன் பிறகு மேம்பட்டிருக்கின்றன. 2024-க்கான அவர்கள் மொத்தக் கணக்கு ஆண்டுக்கு 1.57 சதவீதம்தான். ஆனால் அவை குளிரூட்டிய, வடிகட்டிய காற்றில் ஓடுபவை. நம் மாடியறைக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கூகுள் பொறியாளர்கள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து எழுதிய ஆய்வில் இரண்டு எண்கள் மறக்க முடியாதவை. முதல் முறையாக ஒரு ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. அதேசமயம், செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல் ஸ்மார்ட் எனப்படும் சுயபரிசோதனைப் பதிவில் எந்த எச்சரிக்கையும் தராமலே செத்தன. ஸ்மார்ட் அலாரம் அடித்தால் உடனே நம்புங்கள். அடிக்கவில்லை என்பதற்காக நிம்மதியாக இருக்காதீர்கள். மாற்றியமைத்த செக்டர் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கிய அன்றே புது டிஸ்க்குக்குச் சொல்லிவிடுவதுதான் என் வழக்கம்.

கடலோரத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. சாதாரண டிஸ்க்கில் காற்றழுத்தம் சமப்பட ஒரு சின்ன மூச்சுத்துளை, வடிகட்டியோடு இருக்கும். அதை ஒட்டி மூடக் கூடாது. ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகளில் அந்தத் துளை கிடையாது, முழுதாக மூடியவை. நம் காற்றுக்கு அது நல்லது. ஆனால் இரண்டு வகையிலும் அடியில் இருக்கும் பச்சைப் போர்டு வெளியேதான் இருக்கிறது. அந்தப் போர்டும் உள்ளேயிருக்கும் இயந்திரமும் தொடும் புள்ளிகள் கருத்துப்போய் டிஸ்க் காணாமல் போவதுண்டு. கழற்றித் துடைத்தால் கடைசியாக ஒருமுறை படித்துவிடலாம். வேறு டிஸ்க்கின் போர்டை எடுத்து மாட்டுவது பெரும்பாலும் பலிக்காது. அந்தந்த டிஸ்க்குக்குரிய அளவீடுகள் பழைய போர்டிலுள்ள ஒரு சின்னச் சில்லில் இருக்கின்றன, அதையும் பெயர்த்து ஒட்டத் தெரிந்த கை வேண்டும்.

ரெய்டு போட்டிருக்கிறேன், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பதிவு இருக்கிறது, ஆகவே பயமில்லை என்பவர்கள் உண்டு. ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில் வைத்து, ஒரே உப்புக் காற்றைச் சுவாசித்த இரட்டையர்கள் அந்த டிஸ்க்குகள். ஒரு பிரதி இந்தத் தீவுக்கு வெளியே இருந்தாக வேண்டும். மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் தங்கை வீட்டு அலமாரியில் பூட்டுச்சொல் போட்ட ஒரு டிஸ்க், மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய் வந்தால் போதும். அந்தப் பிரதி இருந்துவிட்டால், சரிசெய்வதா மாற்றுவதா என்பது பணத்தைப் பற்றிய சாதாரணக் கேள்வியாகச் சுருங்கிவிடும்.

கரண்ட் பில்லும் காலாவதியும்

பணம் என்றதும் எல்லோரும் வாங்கும் விலையைப் பார்க்கிறார்கள், மின்கட்டணத்தைப் பார்ப்பதில்லை. 80 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் ஒரு நாளைக்கு 1.92 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 115 யூனிட். அதே வேலையை 10 வாட்டில் செய்யும் மினி பிசிக்கு 15 யூனிட்கூட ஆகாது. வித்தியாசம் 100 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் வருடம் 3,600 ரூபாய். 12,000 ரூபாய்க்கு மினி பிசி கிடைத்தால் மூன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். தமிழ்நாட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. 101 முதல் 200 வரையிலான அடுக்குக்குக் கொடுத்த குறைந்த விகிதமும் போய்விடும். ஏசி வைத்திருக்கும் வீடு 450-ல் நிற்கும்போது, பழைய சர்வர் சத்தமில்லாமல் அதைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

சுற்றுச்சூழல் வாதம் இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும். ஐ.நா. பல்கலைக்கழகம் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், திரையோடு சேர்த்து 24 கிலோ எடையுள்ள ஒரு கணினியைச் செய்ய 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ வேதிப்பொருள், 1,500 கிலோ நீர் செலவாகிறது என்று கணக்கிட்டார்கள். ஆகவே இருப்பதையே ஓட்டு என்பது முடிவு. தினம் இரண்டு மணி நேரம் ஓடும் கணினிக்கு அது முழுக்கச் சரி. அணையாமல் ஓடும் சர்வருக்கு அந்தக் கணக்கு சில வருடத்தில் தலைகீழாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: அலுவலகங்கள் கழித்துவிட்ட, சின்ன உருவக் கணினியைப் பழையதாகவே வாங்குவது. அதைச் செய்வதற்கான எரிபொருள் ஏற்கெனவே செலவாகிவிட்டது, மின்சாரமும் குறைவு, விலையும் குறைவு. சென்னை ரிச்சி தெருவில் அலைந்தால் கிடைக்கும். ஒரே நிபந்தனை, உள்நாட்டில் ஓடியதாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஐந்து வருடம் ஓடிய இயந்திரம் கடலோரத்தில் இரண்டு வருடம் ஓடியதைவிட இளையது. வாங்குமுன் பின்பக்கத் திருகுகளைப் பார்த்தாலே எங்கிருந்து வந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

மென்பொருள் விஷயம் சுருக்கமானது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய இயந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. சர்வருக்கு அதனால் குடி முழுகாது. டெபியன் போன்ற லினக்ஸ் ஏற்றினால் பத்து வருடப் பழைய புராசசரும் கோப்புப் பரிமாறத் தாராளமாகப் போதும். மென்பொருள் காலாவதியை மட்டும் காரணம் காட்டி இரும்பை மாற்றச் சொல்பவரிடம் விற்பனை இலக்கு ஏதாவது இருக்கும்.

மாற்றுவது என்று முடிவானபின் எதை வாங்குவது? பாலத்தில் பார்த்த விதியே: மூட்டு குறைய வேண்டும், காற்று நுழைய வழி குறைய வேண்டும். மின்விசிறியே இல்லாமல், உலோக உடம்பையே வெப்பம் கடத்தும் துடுப்பாக்கிய மினி பிசிக்கள் இந்தக் கரைக்கென்றே செய்ததுபோல் இருக்கின்றன. உள்ளே வெதுவெதுப்பு, வெளிக்காற்று வராது. ராஸ்ப்பெர்ரி பை இன்னும் மலிவு, ஆனால் டிஸ்க்குகளை யூஎஸ்பி வயரில் தொங்கவிட வேண்டும்; ஒவ்வொரு வயரும் இரண்டு மூட்டு. நாலைந்து டிஸ்க் போடும், நாஸ் எனப்படும் ஆயத்தச் சேமிப்புப் பெட்டிகள் வசதியானவை, பின்னால் பெரிய மின்விசிறியோடு வருபவை. வீடியோ தொழில் செய்பவர் தவிர மற்றவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எதை வாங்கினாலும் தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 20-ல் ஒரே நாளில் இராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தரைத்தள வீடுகளில் தண்ணீர் முதலில் தேடிப் போனது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களைத்தான். ஏசி அறையில் வைப்பதும் முழு நேர ஏசியாக இருந்தால்தான் நல்லது. இரவு மட்டும் குளிர்ந்து, காலையில் ஜன்னல் திறந்து உப்பு ஈரம் உள்ளே வரும் அறை, குளிர்ந்த உலோகத்தின்மேல் அதைப் பனிபோலப் படிய வைக்கும்.

பழைய இயந்திரத்தை நிறுத்துவதற்குமுன் புதியது குறைந்தது ஒரு மாதம் பக்கத்திலேயே ஓட வேண்டும். எல்லாக் கோப்பும் வந்துவிட்டதா என்று சரிபார்க்க அந்த ஒரு மாதம் தேவைப்படும். பிறகு, கழற்றியதை என்ன செய்வது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்கள் வழியாகத்தான் அது போக வேண்டும். நடைமுறையில் காயலான் கடைக்காரர் சைக்கிளில் வாசலுக்கே வந்துவிடுகிறார். அவரிடம் பெட்டியையும் போர்டையும் கொடுத்தாலும், செம்புக்காக வயரைத் திறந்தவெளியில் எரிக்கும் இடத்துக்கு அது போய்ச் சேரலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மதுரைப் பக்கம் போகும்போது முறையான சேகரிப்பு மையத்தில் சேர்த்துவிடுங்கள். ரேமையும் எஸ்எஸ்டியையும் துடைத்து டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொள்ள வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் யாரிடமும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். ஓடுகிற டிஸ்க் என்றால் முழுக்கப் பூச்சியம் எழுதி அழித்துவிட்டும், ஓடாத டிஸ்க் என்றால் துளையிடும் இயந்திரத்தால் தட்டுகளை மூன்று நான்கு இடத்தில் துளைத்துவிட்டும் கொடுங்கள். பட்டறையில் இருபது ரூபாய்க்குத் துளைத்துத் தருவார்கள்.